வின்டர் வீக்கெண்டுல ஹெல்சின்கி டு தாலின்: முதல் தடவை போறவங்களுக்கு

பின்லாந்துக்குப் புதுசா வந்து முதல் நவம்பரைத் தாண்டுற எல்லாருக்கும் ஒரு நாள் வரும், ஆபீஸ் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு, ஊருக்கு டிக்கெட் பாத்தா விலை கண்ணைக் கட்டுது, ஹெல்சின்கிக்குப் பக்கத்து எஸ்பூ வீட்டு ஜன்னல்ல அதே பைன் மரம். அப்ப ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் சொல்லுவாங்க, தாலின் போயிட்டு வாயேன், கப்பல்ல ரெண்டு மணி நேரந்தான்னு. நிஜமாவே அவ்ளோதான். ஹெல்சின்கிக்கு நேர் எதிர்க்கரையில, சுமார் 80 கிலோமீட்டர் கடலுக்கு அந்தப் பக்கம், எஸ்தோனியாவோட தலைநகரம். நான் இதுவரைக்கும் ஆறு தடவை போயிருக்கேன், அதுல நாலு குளிர்காலத்துல, முதல் தடவை எல்லாத்தையும் தப்பாவே பண்ணேன், அதனால இது அந்த அனுபவத்துல எழுதறது.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். குளிர்கால தாலின்ல காசை விட வெளிச்சத்தைத்தான் கணக்கு பாத்து செலவு பண்ணணும். டிசம்பர் கடைசியில காலைல ஒம்பதேகாலுக்குத்தான் சூரியன் வரும், மூணரைக்கு முன்னாடியே போயிடும், மொத்தமா ஆறு மணி நேரம். ஜனவரி கடைசியில ஏழரை மணி நேரம், பிப்ரவரி கடைசியில பத்து மணி நேரம் கிடைக்கும். வெளிய சுத்துறதை அந்த நேரத்துல போட்டு, உள்ள உக்காந்து பாக்குற விஷயத்தை எல்லாம் சாயங்காலத்துக்குத் தள்ளுங்க. இதைப் பண்ணாம காலைல நல்லா தூங்கி எந்திரிச்சு ஹோட்டல் பிரேக்பாஸ்ட்டை பதினோரு மணி வரைக்கும் இழுத்துட்டு, அப்புறம் ஒண்ணுமே பாக்கலன்னு புலம்புனவங்க லிஸ்ட்ல நானும் இருக்கேன்.

எப்ப போறது

கிறிஸ்துமஸ் மார்க்கெட் பாக்கணும்னா நவம்பர் கடைசியில இருந்து டிசம்பர் முழுக்க. டவுன்ஹால் சதுக்கத்துல நடுவுல பெரிய மரம், சுத்தி மரக்கடைங்க. அந்த மாதிரி பொது இடத்துல மரம் வெக்கிறதை 1441லயே ஆரம்பிச்சது நாங்கதான்னு தாலின்காரங்க சொல்லுவாங்க, இல்ல நாங்கதான்னு லாட்வியாவுல ரீகாக்காரங்க சண்டைக்கு வருவாங்க, நமக்கு எதுக்கு அந்தப் பஞ்சாயத்து. மார்க்கெட் அழகுதான், ஆனா சனிக்கிழமை சாயங்காலம் நம்ம ஊர் தேர்த் திருவிழாக் கூட்டம் மாதிரி இருக்கும், ஹோட்டல் ரேட்டும் அதுக்கேத்த மாதிரி. டிசம்பர் 6 பின்லாந்து சுதந்திர தினம், அது வெள்ளியோ திங்களோ வந்தா பாதி ஹெல்சின்கி கப்பல்லதான் இருக்கும்.

என்னைக் கேட்டா ஜனவரி ரெண்டாவது வாரத்துக்கு அப்புறம் போங்க. ஹோட்டல் விலை இறங்கிடும், பனி நல்லா கெட்டியா விழுந்திருக்கும், தெருவும் காலியா இருக்கும். பிப்ரவரியில ஹெல்சின்கி பக்கத்து ஸ்கூலுக்கு வருஷத்தோட எட்டாவது வாரம் ஹீஹ்தோலோமா, அதாவது பனிச்சறுக்கு லீவு, அந்த வாரத்தை மட்டும் தவிருங்க, இல்லன்னா கப்பல்ல எங்க பாத்தாலும் குழந்தைங்கதான். பிப்ரவரி 24 எஸ்தோனியா சுதந்திர தினம், 1918ல அறிவிச்சது. அன்னைக்குப் பொழுது விடியும்போது தூம்பேயா கோட்டையில இருக்கிற பிக் ஹெர்மன் கோபுரத்துல கொடி ஏத்துவாங்க, அவ்ளோ குளிர்லயும் ஜனங்க வந்து நின்னு பாடுவாங்க. அந்த நாள் வீக்கெண்டை ஒட்டி வந்தா தாராளமா போங்க, கடைங்க சிலது மூடியிருக்கும், அவ்ளோதான்.

பேப்பர் விஷயம்

ரெண்டு நாடும் ஷெங்கன், அதனால வழக்கமா பார்டர்ல ஸ்டாம்ப் எல்லாம் கிடையாது. அதுக்காக வெறுங்கையோட போகக்கூடாது. பாஸ்போர்ட், பின்லாந்து ரெசிடென்ஸ் பெர்மிட் கார்டு ரெண்டும் கையில இருக்கணும், ஒண்ணு மட்டும் பத்தாது. டிரைவிங் லைசென்ஸ், கேலா கார்டு, ஆபீஸ் ஐடி எல்லாம் இதுக்கு உதவாது. குழந்தைக்கும் அதே மாதிரி ரெண்டும்.

முக்கியமா, உங்க கார்டு எக்ஸ்பயரி ஆகி எக்ஸ்டென்ஷனுக்கு அப்ளை பண்ணிட்டு வெயிட் பண்றீங்கன்னா போகாதீங்க. முடிவு வர்ற வரைக்கும் பின்லாந்துக்குள்ள இருக்க உரிமை உண்டு, வேற ஷெங்கன் நாட்டுக்குப் போக அது அனுமதி ஆகாது. "யாரு செக் பண்ணப் போறா, நான் போயிட்டு வந்தேன்"னு சொல்ற ஆளு எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் ஒருத்தர் இருப்பாரு, அவர் பேச்சைக் கேக்காதீங்க. துறைமுகத்துல திடீர்னு நிறுத்தி கேக்குறதும் உண்டு, என்னை ரெண்டு தடவை கேட்டிருக்காங்க.

இன்னொரு தமிழ்ப் பிரச்சினை, பேரு. பாஸ்போர்ட்ல சர்நேம் காலியா இருக்கிறவங்க டிக்கெட் புக் பண்ற இடத்துல முழிச்சுட்டு நிப்பாங்க, அந்தக் கட்டத்தை நிரப்பாம அது நகராது. எனக்கும் இதே கதைதான், ரெண்டு கட்டத்துலயும் அதே பேரைப் போட்டேன், இதுவரைக்கும் யாரும் ஒண்ணும் கேக்கல. பிறந்த தேதியை மட்டும் ஒழுங்கா போடுங்க.

கப்பல் டிக்கெட், அப்புறம் நான் ஓடின ஓட்டம்

மூணு கம்பெனி ஓட்டுறாங்க: தாலிங்க், வைக்கிங் லைன், எக்கெரோ லைன். தாலிங்க்கோட பெரிய கப்பல்ங்க ரெண்டு மணி நேரத்துல போயிடும், மத்தது கால் மணியில இருந்து அரை மணி கூட ஆகும். விலை நாளுக்கு நாள் மாறும், வெள்ளி சாயங்காலமும் சனி காலையும் ஞாயிறு சாயங்காலமும் தான் அதிகம். மூணு சைட்டையும் பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சு பாருங்க, ரெண்டு மூணு வாரம் முன்னாடி போட்டா நல்ல விலைக்குக் கிடைக்கும். போகவர ஒரே கம்பெனியில போட்டா பல சமயம் மலிவு. கேபின் எல்லாம் தேவையே இல்ல, ரெண்டு மணி நேரத்துக்கு எதுக்கு.

டிக்கெட்ல எந்த டெர்மினல்னு போட்டிருக்கும், அதை ரெண்டு தடவை படிங்க. ஹெல்சின்கியில வைக்கிங் லைன் கத்தயனொக்காவுல இருந்து கிளம்பும், தாலிங்க்கும் எக்கெரோவும் லான்சிசதமா, அதாவது மேற்குத் துறைமுகத்துல இருந்து. நகரத்தோட ரெண்டு மூலையில இருக்குங்க. நான் முதல் தடவை டிக்கெட்ல கப்பல் பேரை மட்டும் பாத்துட்டு எல்லாரும் ஏறுற டிராம்ல ஏறி மேற்குத் துறைமுகத்துல போய் ஜாலியா காபி வாங்கி குடிச்சுட்டு, கியோஸ்க் மெஷின்ல புக்கிங் நம்பர் தட்டினா அப்படி ஒரு புக்கிங்கே இல்லன்னு சொல்லுது, மறுபடி தட்டுறேன், மறுபடி இல்லங்குது, பக்கத்துல நின்ன ஒரு பாட்டி என் போனை எட்டிப் பாத்துட்டு "கத்தயனொக்கா" அப்படின்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னாங்க. ஃபின்னிஷ்காரங்க தானா வந்து பேசினா விஷயம் சீரியஸ்னு அர்த்தம். டாக்ஸி பிடிச்சு, மூச்சு வாங்க ஓடி, கேட் மூடறதுக்கு நாலு நிமிஷம் முன்னாடி உள்ள போனோம். டாக்ஸிக்குக் கொடுத்த காசு கப்பல் டிக்கெட்டை விட அதிகம். என் மனைவி இன்னைக்கும் டிராம்ல ஏறும்போது "கத்தயனொக்காதானே?"ன்னு கேப்பா.

அதனால ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. கப்பல் கிளம்புற நேரத்துக்கு இருவது நிமிஷம், அரை மணி முன்னாடியே கேட்டை மூடிடுவாங்க, பஸ் மாதிரி கை காட்டி நிறுத்த முடியாது.

கப்பலுக்குள்ள

சூப்பர் மார்க்கெட், ரெஸ்டாரன்ட், குழந்தைங்க விளையாடற இடம், பாட்டுக் கச்சேரி எல்லாம் இருக்கும். ஏறின உடனே ஜன்னல் ஓரமா ஒரு சீட்டைப் பிடிச்சுடுங்க, எல்லாரும் அதுக்குத்தான் வேகமா நடப்பாங்க. காலியா மடக்கின டிராலி இழுத்துட்டுப் போற ஆளுங்களை நிறைய பாப்பீங்க, திரும்பும்போது அது நிறைய பீர் கேஸ் இருக்கும், எஸ்தோனியாவுல சரக்கு விலை கம்மி.

போன் விஷயம் ஒண்ணு இருக்கு, இதுல நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. பின்லாந்து சிம் எஸ்தோனியாவுல கூடுதல் காசு இல்லாம வேலை செய்யும், ஆனா நடுக்கடல்ல போன் தானா கப்பலோட சாட்டிலைட் நெட்வொர்க்குக்கு மாறிடும், அது ஐரோப்பிய ரோமிங் கணக்குல வராது, பில்லு தீட்டிடும். கப்பல் கிளம்பினதும் ஃபிளைட் மோடு போட்டுட்டு கப்பல் வைஃபையைப் பிடிங்க.

கத்தயனொக்காவுல இருந்து போனா கொஞ்ச நேரத்துல சுவோமென்லின்னா கோட்டை பக்கத்துல ஒரு குறுகலான சந்துல கப்பல் நுழையும், கைய நீட்டினா பாறையைத் தொடலாம் போல இருக்கும், அதுக்காகவே மேல் டெக்குக்குப் போங்க. குளிர் அதிகமான வருஷத்துல ஜனவரி, பிப்ரவரியில கரையோரக் கடல் உறைஞ்சிருக்கும். முதல்ல தட்டு தட்டா, இட்லித் துணியில ஊத்தி வெச்ச மாதிரி வட்ட வட்டமா ஐஸ், ஓரம் எல்லாம் லேசா தூக்கிட்டு நிக்கும். அப்புறம் முழு வெள்ளை. கப்பல் அதை உடைச்சுட்டுப் போகும்போது கீழ இருந்து ஒரு கரகரப்பு வரும், உக்காந்திருக்கிற நாற்காலி வரைக்கும் தெரியும். என் பொண்ணு முதல்ல பயந்தா, அப்புறம் கப்பல் அப்பளம் சாப்பிடுதுன்னு சொல்லிட்டா.

என்ன போட்டுட்டுப் போறது

ஹெல்சின்கி குளிருக்கு என்ன போடுவீங்களோ அதேதான், கூட காலுக்கு மட்டும் தனி கவனம். பழைய நகரம் முழுக்க உருண்டைக் கல்லு பாவின தெரு, அது மேல பனி உருகி மறுபடி உறைஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும். ஷூவுக்கு அடியில மாட்டுற ஸ்பைக் வாங்கிட்டுப் போங்க, ஹெல்சின்கியில எந்த சூப்பர் மார்க்கெட்லயும் கிடைக்கும். ஃபேன்சி பூட்ஸ் போட்டுட்டு போட்டோ எடுக்கப் போய் தூம்பேயா இறக்கத்துல உக்காந்தபடியே கீழ வந்த ஒரு ஃபிரெண்ட் எனக்கு உண்டு, பேரு சொல்ல மாட்டேன்.

ரிஃப்ளெக்டர் கண்டிப்பா மாட்டுங்க, கோட்டு ஓரத்துல தொங்குமே, அது. எஸ்தோனியாவுல இருட்டுல நடக்கிறவங்க ரிஃப்ளெக்டர் மாட்டியிருக்கணும்னு சட்டமே இருக்கு. மூணரைக்கு இருட்டுற ஊர்ல அது எவ்ளோ நேரம்னு பாத்துக்கோங்க.

ஸ்ட்ரோலர் கொண்டு போனா அந்தக் கல்லு மேல குழந்தையோட பல்லு எல்லாம் ஆடும். சின்னக் குழந்தைன்னா கேரியர்ல மாட்டிக்கோங்க. தெருவுல விளக்குமாறு மாதிரி நீளமா கூரையில இருந்து ஐஸ் தொங்கும், அதுக்குக் கீழ நடைபாதையில டேப் கட்டி வெச்சிருந்தா தாண்டிப் போகாதீங்க, சும்மா கட்டி வெக்கல.

சனிக்கிழமை

முடிஞ்சா வெள்ளி சாயங்காலமே ஆபீஸ் முடிச்சு கப்பல் ஏறிடுங்க, சனி காலை வெளிச்சம் முழுசா உங்களுக்குக் கிடைக்கும். ஹோட்டலைப் பழைய நகரத்துக்கு உள்ளயோ விரு கேட் பக்கத்துலயோ போடுங்க. துறைமுகத்துல இருந்து பெட்டி இழுத்துட்டு பதினஞ்சு இருவது நிமிஷம் நடந்தாலே போதும், பனி அதிகம்னா ஆப்ல போல்ட் டாக்ஸி கூப்பிடுங்க, அது தாலின்லயே 2013ல பொறந்த கம்பெனி.

காலைல ஒம்பது மணிக்கு கிளம்பி வடக்கு மூலையில இருந்து ஆரம்பிங்க. கோட்டைச் சுவருக்கு வெளிய ஒரு மேட்டுல ரெண்டா உடைஞ்ச கருப்பு வளைவு ஒண்ணு அந்தரத்துல நிக்கும், உடைஞ்ச கோடுன்னு பேரு. தாலின்ல இருந்து ஸ்டாக்ஹோம் போயிட்டிருந்த எஸ்தோனியாங்கிற கப்பல் 1994 செப்டம்பர் 28 அதிகாலையில மூழ்கி 852 பேர் செத்தாங்க, அவங்க நினைவா வெச்சது. முந்தின நாள் நாமளும் அதே கடல்ல காபி குடிச்சுட்டே வந்திருப்போம், அங்க நிக்கும்போது ஒரு மாதிரி ஆயிடும்.

அதுக்குப் பக்கத்துலயே பக்ஸ் மார்கரீத்தா, குண்டு மார்கரெட்னு அர்த்தம், கல்லால கட்டின குண்டு கோபுரம். அது வழியா உள்ள நுழைஞ்சா பிக் தெரு, பேருக்கேத்த மாதிரி நீளத் தெரு. ஓலெவிஸ்தே சர்ச்சோட 124 மீட்டர் கோபுரம் தலைக்கு மேல நிக்கும், மேல ஏற வெயில் காலத்துலதான் விடுவாங்க. அந்த சர்ச்சுக்கு எதிர்மூலையில இருக்கிற கட்டடத்துல சோவியத் காலத்துல அவங்க உளவுத்துறை கேஜிபி இருந்துச்சு, தரையை ஒட்டின ஜன்னலை எல்லாம் அடைச்சு வெச்சிருக்கிறது இன்னும் தெரியும், கீழ அப்ப லாக்கப் இருந்த அறைகள்.

அப்படியே நேரா போனா ராயேகோயா பிளாட்ஸ், டவுன்ஹால் சதுக்கம். டவுன்ஹால் 1404ல கட்டி முடிச்சது. மூலையில ஒரு மருந்துக்கடை, 1422லயே இருந்ததுக்குப் பதிவு இருக்கு, இன்னைக்கும் அங்க பாராசிட்டமால் விக்கிறாங்க. நான் வேணும்னே போய் ஒரு இருமல் மிட்டாய் வாங்கினேன். ஆனா சதுக்கத்துல ரொம்ப நேரம் நிக்காதீங்க, ராத்திரி விளக்குல அது இன்னும் அழகு, வெளிச்சம் இருக்கும்போதே தூம்பேயா மேட்டுக்கு ஏறிடுங்க. மேல பத்குலி, கொஹ்துஓத்சான்னு ரெண்டு இடத்துல இருந்து பாத்தா சிவப்புக் கூரை எல்லாம் பனியில மூடி, பின்னாடி கடல், நேத்து வந்த கப்பல் கூட தெரியும். வெங்காயக் கோபுரம் வெச்ச அலெக்சாண்டர் நெவ்ஸ்கி சர்ச்சு அங்கதான், 1900ல முடிச்சது, உள்ள போட்டோ எடுக்கக்கூடாது, எதுத்தாப்ல எஸ்தோனியா பார்லிமென்ட்.

மூணு மணிக்கு வெளிச்சம் மங்க ஆரம்பிக்கும்போது லென்னுசதம் போங்க, பழைய கடல் விமானக் கொட்டகை, இப்ப மியூசியம். குழந்தைங்க இருந்தா இதை விட்டுடவே கூடாது. முதல் உலகப்போர் சமயத்துல கட்டின கான்கிரீட் குடைங்க, நடுவுல ஒரு தூண் கிடையாது, அந்த இருட்டுல நீல வெளிச்சத்துல லெம்பித்துன்னு நிஜ நீர்மூழ்கிக் கப்பல் தொங்குற மாதிரி நிக்கும், 1936ல இங்கிலாந்துல செஞ்சது. உள்ள இறங்கலாம். எனக்கு முதுகு வளைஞ்சாதான் நடக்க முடிஞ்சது, மாலுமி படுக்கிற கட்டில் நம்ம ரயில் அப்பர் பெர்த்தை விட சின்னது, அதுக்குக் கால் பக்கத்துல டார்பீடோ. மூடுற நேரத்தை மட்டும் முன்னாடியே பாத்துட்டுப் போங்க, குளிர்காலத்துல நிறைய மியூசியம் திங்கக்கிழமை லீவு.

சாப்பாடு, சைவக்காரங்க கவனிக்க

ஃபின்னிஷ்ல லிஹான்னா இறைச்சி, எஸ்தோனியன்லயும் லிஹா. இந்த ஒரு வார்த்தை போதும் பாதி மெனுவைத் தாண்ட. ஆனா அது இல்லன்னு நம்பி மார்க்கெட்ல முல்கிகப்சாஸ் வாங்கிடாதீங்க, பாத்தா புளிச்ச முட்டைக்கோஸ் பொரியல் மாதிரி இருக்கும், வழக்கமா பன்றிக்கறி போட்டுத்தான் வேக வெப்பாங்க. வெரிவோர்ஸ்த்னா ரத்தம் சேத்த சாசேஜ். சைவம்னு கேக்க தைமேதொய்த். பழைய நகரத்துக்குள்ள வீகன் கடைகளும் இருக்கு, இந்தியன் ரெஸ்டாரன்ட்டும் இருக்கு, பட்டினி கிடக்க வேண்டியதில்ல. அசைவம் சாப்பிடறவங்க டவுன்ஹாலுக்குக் கீழயே இருக்கிற மூணாவது டிராகன்ங்கிற கடையில எல்க் சூப் குடிங்க, மெழுகுவத்தி வெளிச்சத்துல மண் கிண்ணத்துல தருவாங்க, ஸ்பூன் கேட்டா திட்டுவாங்க, அது அவங்க நாடகம், கோச்சுக்காதீங்க.

தெருவுல மர வண்டியில சக்கரைப் பாகுல பாதாம் வறுத்து விப்பாங்க, வாசனை தூரத்துலயே இழுக்கும். மயாஸ்மொக் கஃபே 1864ல இருந்து இருக்கு, சூடா ஒரு ஹாட் சாக்லேட்டுக்கு ஒதுங்க நல்ல இடம்.

மொழி கிட்டத்தட்ட ஃபின்னிஷ் மாதிரியே காதுல விழும், அதை நம்பி வாயை விடாதீங்க. ஃபின்னிஷ்ல ஹல்பான்னா மலிவு, எஸ்தோனியன்ல ஹல்ப்னா மோசம். ஃபின்னிஷ்ல ஹல்லிதுஸ்னா அரசாங்கம், அங்க பூஞ்சை. வணக்கத்துக்கு தெரே, நன்றிக்கு ஐத்தாஹ், மீதிக்கு இங்கிலீஷ் போதும். காசும் 2011ல இருந்து யூரோதான், கார்டு எல்லா இடத்துலயும் எடுப்பாங்க. டிராம்ல முன் கதவு பக்கத்து மெஷின்ல கார்டைத் தட்டினா டிக்கெட். இந்த ஊர்ல பஸ் ஃப்ரீன்னு யாராவது சொன்னா, அது தாலின்ல பதிவு பண்ணி குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்.

ஞாயிறும் திரும்புறதும்

செக்-அவுட் பண்ணிட்டு பெட்டியை ஹோட்டல்லயே வெச்சுட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம் நடங்க. பால்தி யாம் மார்க்கெட், மேல பழைய சாமான், சோவியத் காலத்து பேட்ஜ், கேமரா, கீழ காய்கறி ஊறுகாய். அங்க இருந்து கொஞ்சம் தள்ளி தெலிஸ்கிவி, பழைய ஃபாக்டரிங்க இப்ப கஃபேவும் கடையுமா இருக்கு. அதைத் தாண்டினா கலமயா மர வீட்டுத் தெருங்க, போட்டோ எடுக்கிறவங்க ரெண்டு மணி நேரம் காணாமப் போவாங்க, அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

திரும்புற கப்பலை நாலு மணி, அஞ்சு மணி வாக்குல போடுங்க, கடைசிக் கப்பலைப் போட்டா திங்கக்கிழமை காலை மீட்டிங்ல நீங்க பொணம் மாதிரி உக்காந்திருப்பீங்க. தாலின்லயும் டெர்மினல் வேற வேற, தாலிங்க்குக்கு டி, மத்த ரெண்டுக்கும் ஏ. கத்தயனொக்கா கதையை ஞாபகம் வெச்சுக்கோங்க.

பெட்டியில கொஞ்சம் இடம் விட்டு வாங்க. காலெவ் சாக்லேட் ஆபீஸ்க்கு, கருப்பு ரொட்டி வீட்டுக்கு. புளிப்பும் லேசா ஒரு இனிப்பும் கலந்து கனமா இருக்கும், ஒரு வாரம் கெடாது. அவங்க அது மேல வெண்ணெயும் மத்தி மாதிரி ஒரு சின்ன மீனும் வெச்சுத் திம்பாங்க. எங்க வீட்ல அதை தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் வாட்டி, நல்லெண்ணெய்ல குழைச்ச இட்லிப்பொடியைத் தடவி வெப்போம், போன தடவை ரெண்டு ரொட்டி வாங்கிட்டு வந்தேன், புதன்கிழமைக்கே காலி.